நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கான சாஸ்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலறையைத் திறந்தால் முதலில் ஒரு புகை வரும். வெள்ளையாக, சத்தமில்லாமல், சோம்பலாக வெளியே வந்து, கீழ்நோக்கி இறங்கி, என் முழங்காலைத் தொட்டுவிட்டுக் காணாமல் போகும். புகை என்றால் மேலே போகும் என்று மட்டும்தான் எட்டு வயதில் எனக்குத் தெரியும். கீழே போகிற புகையைப் பார்ப்பதற்காகவே மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு அந்தக் கதவைத் திறப்பேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். ஃப்ரிட்ஜ் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். வீட்டில் விழித்திருப்பது அதுவும் நானும் மட்டும்தான் என்று தோன்றும்.

அந்த ஃப்ரிட்ஜ் சித்தப்பா வாங்கியது. அப்பாவின் தம்பியான அவர் கல்ஃபில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரர். கல்யாணத்துக்காக மூன்று மாத லீவில் வந்திருந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சித்தியைக் கட்டி எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்த மறுவாரம், ஃப்ரிட்ஜையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் சந்தில் அதுதான் முதல் ஃப்ரிட்ஜ். அடுக்களையில் இடமில்லை என்று சொல்லி முன்னறையில் வைத்தார்கள். இடம் இருந்திருந்தாலும் முன்னறையில்தான் வைத்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அதற்குள் என்ன வைப்பது என்று ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. அம்மா ஒரு செம்புத் தண்ணீரும் கொஞ்சம் கறிவேப்பிலையும் வைத்தாள். ரேஷன் கார்டை உள்ளே வைத்தால் பூச்சி அரிக்காதே என்று அப்பா யோசனை சொன்னார்.

நான் அதிகம் பேசாத பிள்ளை. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். எதில் வாயைத் திறந்தாலும் யாராவது சிரித்துவிடுவார்கள் என்று பயம். சித்தப்பா என்னிடம் கேள்வியே கேட்க மாட்டார். அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். அதனாலேயே அவரிடம் எனக்குப் பேச்சு வந்தது. சித்தி வேறு மாதிரி. ஒன்றைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை எவ்வளவு நேரமானாலும் கையிலிருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். அவளிடமும் எனக்குப் பேச்சு வந்தது. உலகத்தில் இரண்டு பேர் போதும் என்று நான் நிம்மதியாக இருந்த காலம் அது.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது சித்தப்பா ஒரு கூடைத் தக்காளியோடு வந்து இறங்கினார். மெஸ்ஸில் வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளைக்காரர்கள் இறைச்சியைக் கனலில் வாட்டி, மேலே ஒரு சாஸைத் தடவித் தின்பார்களாம். பார்பிக்யூ சாஸ். அதை அவர்தான் அங்கே செய்வாராம். எங்கள் வீட்டிலோ முட்டைகூட வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"லேய், எறச்சிக்குத் தேய்க்கிறது நமக்கு எதுக்கு? இதுல எலும்பு கிலும்பு உண்டா?" என்று அப்பா கேட்டார்.

"தக்காளி, கருப்பட்டி, புளி, வினிகர், கடுகு, மொளகா வத்தல், இஞ்சி, பூண்டு. வேற ஒண்ணும் இல்லண்ணே. எறச்சி அவனோடது, சாஸ் நம்மளோடது."

"பின்ன நாம இத எதுல தேய்க்கது?"

"சேனையில."

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். கருப்பட்டி அங்கிருந்தே வந்தது. கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து, அம்மாவின் பெரிய உருளியில் சாஸ் காய்ந்தது. காலையில் சிவப்பாக இருந்தது மத்தியானத்துக்குள் காவி நிறமாகி, சாயங்காலம் பழைய தேக்குக் கதவின் நிறத்துக்கு வந்தது. கரண்டியிலிருந்து சொட்டாமல் பாளம்பாளமாக விழுந்தபோது சித்தப்பா தீயை அணைத்தார். கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ச் சிரட்டைக் கனலை வைத்து, அதன்மேல் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, உருளிக்குள் மிதக்கவிட்டு மூடினார். திறந்தபோது மழை நின்ற பிறகு அடுப்பு பற்றவைத்த வீட்டின் வாசனை வந்தது. அதன்பின் எங்கேயும் அந்த வாசனையை நான் முழுதாகக் கண்டதில்லை.

அவ்வளவையும் எப்படி வைப்பது? முதலில் கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி மேலறையில் வைத்தார். காலையில் பார்த்தால் நாலு பாட்டிலும் விரிசல். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். உறையும்போது வீங்கும் என்பது தெரிந்தவர்தான். புது மாப்பிள்ளையாக இருக்கிறவருக்கு எல்லாம் மறந்துபோகும் என்று அம்மா சொன்னாள். கண்ணாடித்தூள் கலந்த சாஸை ஒருவரும் போகாத மூலையில் குழிதோண்டிப் புதைத்தார்கள். மறுநாள் இன்னொரு கூடைத் தக்காளி வந்தது.

இந்தத் தடவை சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள். சித்தப்பா ஒவ்வொன்றிலும் பாதிக்குச் சற்று மேலாக, நன்றாக ஆறின சாஸை ஊற்றினார். சித்தி அதைத் தரையில் படுக்கப்போட்டு, உள்ளங்கையால் நீவிக் காற்றையெல்லாம் வெளியேற்றினாள். வாயை ஒரு ஹேக்ஸா பிளேடின்மேல் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஒரே இழுப்பாக இழுத்தால் கவர் ஒட்டிக்கொள்ளும். மெழுகுவர்த்தியைப் பிடிப்பது என் வேலை. தட்டையாக உறைந்த பிறகு அவற்றை நிமிர்த்தி, அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல அடுக்கினோம். மொத்தம் நாற்பது.

"சனிக்கெழம சாயங்காலம் ஒண்ண எடுத்துக் கீழ்த்தட்டுல வையுங்க மைனி," என்று அம்மாவிடம் சொன்னார். "பையப் பைய உருகட்டும். தண்ணி தனியா நிக்கும், பயப்படாண்டாம். ஒரு கொதி விட்டுக் கிண்டினா சேந்துகிடும். ஒருதடவ உருகினத மட்டும் மறுபடியும் உள்ள வைக்கப்படாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். ஓணத்துக்கு லீவு தருகிறேன் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். "அதுக்கு நாப்பது ஞாயிறு இருக்கு மக்களே. நாப்பது பாக்கெட். கடைசிப் பாக்கெட்ட தின்னு கையக் கழுவிட்டுத் திரும்பிப் பாரு, வாசல்ல நான் நிப்பேன்."

சொன்னது என்னிடம். பார்த்தது சித்தியை. அவர் சொன்னதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு நிறம் வந்துவிட்டது. சித்தி கொல்லையில் சிரட்டைக் கனல் மூட்டுவாள். வேகவைத்த சேனையையும் மரச்சீனிக் கிழங்கையும் கம்பி வலையில் பரப்பி, தென்னை ஈர்க்குக் கட்டால் சாஸைத் தடவித் தடவித் திருப்புவாள். கருப்பட்டி கருகி ஓரத்தில் பளபளவென்று ஒரு பொருக்கு நிற்கும். சுட்ட கிழங்குக்கு இத்தனை அலங்காரமா என்று முதல் வாரம் கேட்ட அப்பா, மூன்றாவது வாரத்திலிருந்து முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். மேலறையைத் திறந்து எடுப்பது சித்தியின் உரிமை. அம்மா அதில் கை வைப்பதில்லை. சித்தி எடுத்த பிறகு மிச்சத்தை எண்ணிப்பார்ப்பது என் ரகசிய வேலை.

சித்திரை விஷு விடுமுறையில் சித்தியின் அண்ணன் வந்தார். நல்ல மனிதர், நல்ல உயரம். குனிந்து வந்தும் எங்கள் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்ததே கிடையாது. அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி ஓணம் வரைக்கும் இங்க நிக்கட்டும். மாப்பிள்ள வரல்லைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போறேன். புருசன் இல்லாத எடத்துல பிள்ள எத்தன காலம் நிக்கது? பாக்கிறவன் என்ன சொல்லுவான்?"

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கல்ஃப்காரன் மனைவி, சொன்ன லீவுக்கு அவன் வராவிட்டால், பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அப்பா தலையாட்டினார். அன்று சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அம்மாவிடம் சொன்னாள்:

"அங்க போனா தெனமும் பத்துபேரு கேப்பாக்கா, எப்ப வாறாரு, எப்ப வாறாருன்னு. இங்க யாரும் கேக்கதில்ல."

"இங்க எல்லாருக்கும் ஒண்ணுபோலத் தெரியாதுல்லா, அதான் கேக்கதில்ல," என்றாள் அம்மா.

சித்தப்பா போன பிறகு நான் சித்தியோடுதான் படுப்பேன். அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும். அவளை அழைத்துப்போய்விடுவார்கள் என்றால்? ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணினேன். பதினெட்டு பாக்கெட் இருந்தது. கணக்குப் பாடத்தில் நான் எப்போதும் கடைசி. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று விளங்கியது. கடைசிப் பாக்கெட் தீர்ந்தால் சித்தப்பா வருவார். பாக்கெட் சீக்கிரம் தீர்ந்தால் சித்தப்பா சீக்கிரம் வருவார். இவ்வளவு எளிதான ஒன்று பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

கிணற்றடிக்குப் பின்னால் வாழை மறைவில் உட்கார்ந்து முதல் பாக்கெட்டின் மூலையைக் கடித்தேன். அது கல்லாக உறைவதில்லை. இனிப்பு அதிகம் என்பதால் பாதி உறைந்து, பல்லில் நறநறக்கும். முதலில் குளிர்ச்சி மட்டும் தெரியும், ருசியே தெரியாது. பிறகு கருப்பட்டி மெதுவாக வரும். பின்னாலேயே புளிப்பு. எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும்போது வத்தலின் காரம் வந்து காதுவரை ஏறும். வெயில் வாழை இலையில் ஆடும். கண்ணில் நீர் கொட்டும். பாதி பாக்கெட்டோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாதி பாக்கெட்டுக்குச் சித்தப்பா பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் தின்பேன். காலிக் கவரை வாழைக்கடியில் புதைப்பேன். இரண்டு நாள் வயிறு எரியும். பலாச்சக்கை தின்றதால் என்று அம்மா ஓமத்தண்ணீர் தந்தாள். அதையும் குடித்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய காரியம் செய்துகொண்டிருப்பவளின் பெருமிதத்தில் மிதந்து திரிந்தேன்.

ஆறு வாரத்தில் பதினெட்டு மூன்று ஆனது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, மழையும் தொடங்கியது. ஒரு நாள் சாயங்காலம் நனைந்த பையைக் கழற்றிவிட்டு மேலறையைத் திறந்து எண்ணினேன். இருபத்தாறு.

மறுபடியும் எண்ணினேன். புகை என் முழங்காலில் இறங்கிக்கொண்டே இருந்தது. இருபத்தாறுதான்.

எனக்கு அதிர்ச்சியெல்லாம் இல்லை. மேலறையின் சுவரில் ஐஸ் தானாக வளர்வதைத் தினமும் பார்க்கிறவள் நான். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆனாலும் அது விரல் கனத்துக்கு, கை கனத்துக்கு வளரும். அப்படியானால் சாஸும் வளரும். குளிருக்கு அப்படியொரு குணம். அதை நான் முந்த வேண்டும், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு தின்றேன். சில சமயம் மதில்மேல் வந்த காக்கைக்கு வைத்தேன். ஒருதடவை கொத்திய காக்கை மறுபடி வரவில்லை. எண்ணிக்கை குறையும், மறுவாரம் ஏறிவிடும். நானும் குளிரும் அந்த மழைக்காலம் முழுக்க அப்படியொரு பந்தயம் ஓடினோம்.

இதற்கிடையே கண்ணில் பட்ட சிலவற்றை நான் பார்த்தும் பார்க்கவில்லை. பள்ளி விட்டு வரும்போது சில நாள் வீட்டில் கருப்பட்டி வாசனை அடிக்கும். கேட்டால், பாயசம் வைத்தேன் என்பாள் சித்தி. பாயசம் எங்கே என்றால், தீர்ந்துபோச்சு என்பாள். சாமி அறையிலிருந்த புது மெழுகுவர்த்தி பாதியாகியிருந்தது. சித்தியின் ஆள்காட்டி விரல் நுனியில் பேனா மை தடவியிருந்தது. தீப்புண்ணுக்கு அன்று எங்கள் வீட்டில் அதுதான் மருந்து.

ஆடி மாதம் ஒரு பெருங்காற்று வந்தது. தெருமுனையில் மரம் சாய்ந்து மின்கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜின் முனகல் நின்றுபோனதில் வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் கீழிருந்து தண்ணீர் ஓடி முன்னறை நடுவில் தேங்கியது. அம்மா மேலறையைத் திறந்தாள்.

"நான் பாத்துக்கிடுகேன் அக்கா," என்று சித்தி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அதற்குள் அம்மா தொளதொளவென்று ஆகிவிட்ட பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக முறத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் கை நின்றது. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். உதடு அசைய எதையோ எண்ணினாள்.

"நாலு இருக்கணும்," என்றாள். "இருபத்திமூணு இருக்கு."

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்தாள். நான் சுவர்ப்பல்லியைப் பார்த்தேன். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முறத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உருகினத மறுபடி வைக்கப்படாதுன்னு சொல்லியிருக்குல்லா? இன்னைக்கே தீக்கணும். பக்கத்து வீட்டுல எல்லாம் போய்க் கூப்பிடு பிள்ளே."

இன்றைக்கே எல்லாம் தீரப்போகிறது! நான் இத்தனை வாரமாக வயிறு எரிந்து செய்ய முடியாததை ஒரு காற்று வந்து செய்துவிட்டது. கூச்சத்தை எல்லாம் விட்டு, மழையில் வீடுவீடாக ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

கொல்லைப்புறத்து ஓலைச் சாய்ப்பின் கீழ் இரண்டு இடத்தில் கனல் மூட்டினார்கள். சேனை, மரச்சீனி, ஏத்தன் வாழைக்காய் என்று கிடைத்ததெல்லாம் கம்பி வலையில் ஏறியது. அப்பா முறத்தால் விசிறினார். பக்கத்து வீட்டு டீச்சர் குடையை மடக்காமலே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ஐயோ, இது எந்தா சாதனம்? நல்ல எரிவு! கொள்ளாம் கேட்டோ!" என்று மலையாளத்தில் அதன் காரத்தைப் புகழ்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பெரிய பாத்திரத்தையும் கொண்டுவந்தார். மழை சாய்ப்பின் விளிம்பில் திரைபோல விழுந்துகொண்டிருந்தது. அதற்கு இந்தப்பக்கம் புகையும் பேச்சும் சிரிப்பும். சித்தி மட்டும் கனவில் நடப்பவள்போல எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாக்கெட்டாக அம்மா வெட்டி ஊற்ற ஊற்ற, நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாக்கெட்டை வழித்துத் தடவிய துண்டை அம்மா என் கையில் வைத்தாள். தின்றேன். கிணற்றடிக்குப் போய் முழங்கைவரை கழுவினேன். அரைகுறையாகக் கழுவி எல்லாம் கெட்டுப்போகக்கூடாது. பிறகு திரும்பி, வீட்டுக்குள் நுழைந்து, இருட்டான நடுவறை வழியாக முன்வாசலைப் பார்த்தேன்.

வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

முதுகைக் காட்டிக்கொண்டு குடையை உதறிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பை. மழை வெளிச்சத்தில் வேறொன்றும் தெரியவில்லை.

"சித்தப்பா!"

அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் கத்தியதில்லை, பின்னும் இல்லை. கொல்லையில் பேச்சு நின்றது. கையெல்லாம் சாஸோடு சித்தி ஓடிவந்தாள். என்னைத் தாண்டி, தேங்கிய தண்ணீரில் கால் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆள் திரும்பி, குனிந்து, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார்.

சித்தியின் அண்ணன்.

அவரைச் சாய்ப்புக்குள் பலகை போட்டு உட்காரவைத்து, எடுத்துவைத்திருந்த தட்டைக் கொடுத்தார்கள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"மாப்பிள்ள ஓணத்துக்கு உண்டுல்லா? டிக்கெட்டு ஆச்சா?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்ல. லீவு தள்ளிப்போச்சு. கடுதாசி வந்துட்டு."

"எப்ப?" என்று கேட்டது அப்பா.

"வந்துட்டு," என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. அப்பா நெடுங்காலம் குடும்பம் நடத்தியவர். மறுபேச்சில்லாமல் முறத்தை எடுத்து அணைந்த கனலை விசிறத் தொடங்கினார்.

"அப்பம் நான் பிள்ளைய…"

"நீங்க முதல்ல தின்னுங்க. எப்பிடி இருக்கு?"

"கொள்ளாம். நல்லாருக்கு. மாப்பிள்ள செஞ்சு வச்சதுதானே?"

"பாதி கொழுந்தன் செஞ்சது. பாதி உங்க தங்கச்சி செஞ்சது."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சித்தியின் கை அந்தரத்தில் நின்றது. அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இவளக் கொண்டுபோனா இந்த வீட்டுல ஞாயித்துக்கெழம யாரு கனல் மூட்டுவா? எனக்கும் கூடமாட ஒரு ஆளு வேணும். அவரு எப்ப வந்தாலும் இங்கதானே வரணும்? அவ இங்கயே நிக்கட்டும்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "நீ என்னட்டி சொல்லுக?"

"நிக்கேன்," என்றாள் சித்தி. மழையில் அது பாதிதான் கேட்டது.

அவர் தட்டைப் பார்த்தார், பக்கத்திலிருந்த டீச்சரைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு துண்டு வைங்க," என்றார்.

சித்தப்பா வந்தது அடுத்த ஆண்டு சித்திரையில். அவரைக் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற ஓரிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஓணத்துக்கு லீவு இல்லை என்று அந்த மழைக்காலத் தொடக்கத்திலேயே சித்திக்கு எழுதியிருந்தார். கடிதம் அவள் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தது; அம்மாவின் கண்ணில் அது பட்டதே இல்லை. அதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, சித்தியும் நானும் கிணற்றடியில் பாத்திரம் கழுவினோம். அவள் தேய்த்துக் கழுவித் தர, நான் துடைத்தேன். மழை விட்டிருந்தது. வாழை இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் விசும்பத் தொடங்கினேன். சித்தி ஏனென்று ஒருதடவை கேட்டுவிட்டு, வழக்கம்போல உருளியைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட்டைத் திருடினது, வாழை மறைவு, காக்கை. திருடித் தின்றதால்தான் கணக்குக் கெட்டு, சித்தப்பா வராமல் போய்விட்டார் என்று சொன்னேன்.

சித்தி சாம்பல் கையோடு என்னைப் பார்த்தாள்.

"நீயாட்டி! நான் அக்கான்னுல்லா நெனச்சேன்! எண்ணிக்க கொறஞ்சுகிட்டே போவுதே, அக்கா ஒளிச்சு ஒளிச்சுத் திங்காளே, கேட்டா நாணப்படுவாளேன்னு நான் வாயத் தொறக்காம கெடந்தேன்!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"தானா வளருதுன்னு நெனச்சேன் சித்தி. ஐஸ் மாதிரி."

"வளந்துது, வளந்துது." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நீ பள்ளிக்கூடம் போன பெறவு, அக்கா உறங்கும்ப, நாந்தான் காச்சிக் காச்சி வச்சேன். பாக்கெட்டு தீந்தா எல்லாருக்கும் ஓர்மை வரும்லா, ஓணம் வந்தாச்சே, ஆளக் காணலியேன்னு. தீராம இருந்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னு ஒரு நெனப்பு."

அப்போது எனக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை. சித்தி உருளியைக் கவிழ்த்து வைத்தாள். சிரிப்பு அடங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல், வாளித் தண்ணீரில் கையை அளைந்துகொண்டே கேட்டாள்:

"நீதானே ரெண்டையும் வாரி வாரித் தின்னது. சொல்லு. அவரு செஞ்சது நல்லாருந்துதா, நான் செஞ்சதா?"

யோசித்துப் பார்த்தேன். சித்தி காத்திருந்தாள். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

"ரெண்டுன்னே தெரியல்ல சித்தி. எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்துது."

தண்ணீரில் அவள் கை நின்றது. முகத்தை வாழைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பயம் வந்தது. அவசரமாகத் திருத்தினேன்.

"இல்ல சித்தி, நீங்க செஞ்சதுதான் கொஞ்சம் கூடுதல் நல்லாருந்துது."

"வேண்டாம் மக்களே," என்றாள் சித்தி. "முதல்ல சொன்னதே போதும்."

அது எப்படிப் போதும் என்று எனக்கு விளங்கவில்லை. கூடுதல் நல்லது என்று சொன்னால்தானே யாருக்கும் சந்தோஷம் வரும் என்று நினைத்தபடி, துடைத்த தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.